இன்றைய இரவைத் தாண்டினால் போதும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. பெரியப்பா, அத்தை, எதிர்வீட்டு மாமா, அப்பாவின் அலுவலக நண்பர் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மார்க் எவ்வளவு?" எதிர்பார்த்த மதிப்பெண் வராத பதினேழு வயதுப் பிள்ளை உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்லும் பதில் ஒவ்வொரு முறையும் அதன் காதில் விழும்.

அந்த அறைக்கு வெளியில் இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் என்ன? "இதெல்லாம் ஒரு கவலையா? நாங்கள் படாத கஷ்டமா?" தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் பிள்ளைக்கு அது "உன் வலி பொய்" என்றுதான் போய்ச் சேருகிறது.

வலி பொய்யல்ல. 2003ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. கணினியில் பந்து எறிந்து விளையாடும் ஒரு சாதாரண விளையாட்டு. சிறிது நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை எறிந்துகொண்டு, மூன்றாமவரை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கப்பட்டவரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, உடல் வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் பந்து எறியாமல் விட்டதற்கே இப்படி என்றால், உயிர்த்தோழி பேசாமல் போனால் எப்படி இருக்கும்? ஊரே மதிப்பெண்ணைக் கேட்டு உச்சுக் கொட்டினால் எப்படி இருக்கும்?

வயதும் ஒரு காரணம். திட்டமிடவும், ஆத்திரத்தை அடக்கவும், பின்விளைவை எடைபோடவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். உணர்ச்சிகளோ அதற்கு வெகுமுன்பே முழு வேகத்தில் வந்துவிடுகின்றன. வெள்ளம் முதலில் வந்துவிடுகிறது, கரை பிறகுதான் கட்டப்படுகிறது. இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை.

ஆக, வலி உண்மை. ஆனால் அந்த வலி காதில் ஓதும் சேதி உண்மையல்ல. "இனி எல்லாம் இப்படியேதான் இருக்கும், வேறு வழியே இல்லை" என்று அது ஓதுகிறது. வழி இல்லையா என்ன? விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். தோற்ற பாடத்தைச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வில் எழுதி, அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை 2017லேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. உறவினர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை!

எல்லாத் துன்பத்துக்கும் துணைத்தேர்வு இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லைதான். குடித்துவிட்டு வரும் அப்பா நாளைக்கே மாறிவிடமாட்டார். முறிந்த காதல் அடுத்த வாரம் ஒட்டிக்கொள்ளாது. அங்கேதான் விடாமுயற்சி என்ற சொல்லுக்குச் சரியான பொருள் தேவைப்படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகத் தாங்குவது என்றுதான் நம் ஊரில் அதற்குப் பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தவறு. வாழ்க்கை முழுவதையும் ஒரே இரவில் யாராலும் தாங்க முடியாது. இன்றைய இரவைத் தாண்டினால் போதும். எந்தப் பெரிய முடிவையும் நள்ளிரவில் எடுப்பதில்லை, ஏதாவது சாப்பிடுவது, தனியாக இராமல் யாராவது இருக்கும் இடத்தில் படுப்பது, விடிந்ததும் ஒருவரிடம் சொல்வது. இவ்வளவுதான். மனம் அதுவரைகூடப் பொறுக்காது போலிருந்தால் விடியக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே யாரையாவது எழுப்பிச் சொல்லலாம்.

யாரிடம் சொல்வது? சித்தி, தாத்தா, விளையாட்டு ஆசிரியர், பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கலாம். முதலில் கேட்டவர் புரிந்துகொள்ளவில்லை என்றால் இரண்டாமவரிடம் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது முயற்சிதான் உண்மையான விடாமுயற்சி. முகம் தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் சேவையின் 14416 எண் இருக்கிறது. 2022ல் தொடங்கிய இச்சேவையை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் இப்படிப்பட்ட குரல்களைக் கேட்டு வருகிறது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் போவதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வழக்கமாக அரட்டை அடிக்கும் ஒருவன் திடீரென்று ஒதுங்கினால், "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவன் இருக்கிறானே என்ற நிம்மதிதான் வரும். "ஆமாம்" என்று பதில் வந்தால் அவனைத் தனியே விடாமல், பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சரி. அந்தச் சத்தியத்தை மீறுவது துரோகமாகாது.

அடுத்த முறை தேர்வு முடிவு வரும்போதும் தொலைபேசிகள் ஒலிக்கத்தான் போகின்றன. பெரியப்பாவும் அத்தையும் அன்றைக்கு ஒரு நாளாவது கேள்வியை மாற்றிப் பார்க்கட்டும். "மார்க் எவ்வளவு?" என்பதற்குப் பதிலாக, "பிள்ளை சாப்பிட்டதா? போனை அதனிடம் கொடு, பேச வேண்டும்" என்று கேட்கட்டும். சாத்திய கதவு திறக்க அதுவே போதுமாக இருக்கலாம்.