மட்டைக்கு முன் ஆசான்

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஹை ரேஞ்ச் கிளப்பின் கோல்ஃப் திடல் விரிந்து கிடக்கிறது. மாநில எல்லைக்கு அப்பால், கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோல்ஃப் சங்கம் உள்ளது. ஆங்கிலேயர் கொண்டுவந்த இவ்விளையாட்டைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கருதி விலகி நிற்போர் உண்டு. முறையாகக் கற்றால் கோல்ஃப் எவர்க்கும் பயன் தரும். ஆனால், எதை முதலில் தேடுவது என்பதை அறிந்து தொடங்குதல் வேண்டும்.

விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை கொண்டு செல்லலாம். புதிதாகக் கற்பவர் அத்தனையும் வாங்க முனைவது வீண் செலவாகும். ஐந்தாறு மட்டைகளே போதும். அவையும் இரவலாகவோ பழையனவாகவோ இருக்கலாம். பந்து நேராகச் செல்லாதபோது மட்டையைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையே ஆகும். மட்டைக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பயிற்சிக்குச் செலவிடுதலே அறிவுடைமை.

ஆசான் ஏன் தேவை? தம் வீச்சைத் தாமே காண ஒருவராலும் இயலாது. சான்றாக, புதியவர் பலர் பந்தை மேலே தூக்கிவிட முயன்று, அதன் தலையில் அடித்துவிடுகின்றனர். பந்தை உயர்த்துவது மட்டை முகத்தின் சாய்வேயன்றிக் கையின் முயற்சியன்று. இதனை உணர்த்த, அருகில் நின்று பார்க்கும் ஒருவர் வேண்டும். முதலில் மாணவரை ஆடவிட்டுக் கவனிப்பவர், ஒரு வேளைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துபவர், அடுத்த வகுப்புவரை செய்யவேண்டிய பயிற்சியைக் கூறி அனுப்புபவர் ஆகிய மூன்று இயல்பும் உடையவரே நல்ல ஆசான். தொலைவுக்கு அடித்துக் காட்டி வியப்பூட்டுபவர் சிறந்த ஆட்டக்காரராக இருக்கலாம். சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

பாடம் எங்கே தொடங்குகிறது என்பதும் ஓர் அளவுகோல். 18 குழிகள் கொண்ட திடலில் 72 அடிகள் என்பது பொதுவான இலக்கு. அவற்றுள் 36 அடிகள், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்தை உருட்டும் அடிகளாகவே கணக்கிடப்படுகின்றன. எனவே சிற்றடியிலிருந்து கற்பிப்பவரே விளையாட்டை அறிந்து கற்பிப்பவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். ஓரடியின் மதிப்பு அத்தகையது.

ஆசானின்றியும் வென்றவர் உண்டே எனச் சிலர் வினவலாம். பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்து வாழ்வைத் தொடங்கிய அலி ஷேர் 1991இலும், முனியப்பா 2009இலும் இந்திய ஓப்பன் போட்டியில் வாகை சூடினர். இவ்வெற்றிகள் ஏழைக்கும் இவ்விளையாட்டு எட்டும் என்பதை மெய்ப்பிக்கின்றன. ஆயினும், அவர்கள் நாள்தோறும் திடலிலேயே இருந்து, எண்ணற்ற வீச்சுகளைக் கண்டு பயின்றவர்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரமே கிடைக்கும் மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்தக் குறையை ஆசானே நிரப்ப வேண்டும்.

பயிற்சியின் பயன் திறமையோடு முடிவதன்று. பெரும்பாலான கோல்ஃப் ஆட்டங்களில் நடுவர் உடன் வருவதில்லை; ஆட்டக்காரர் தம் பிழையைத் தாமே கூற வேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில், தம் பந்து சற்றே அசைந்ததை வேறெவரும் காணாத நிலையிலும் பாபி ஜோன்ஸ் தாமே அறிவித்து ஓரடித் தண்டனை ஏற்றார். பின்னர்ச் சமநிலை முறிக்கும் ஆட்டத்தில் பட்டத்தையும் இழந்தார். நேர்மைக்கு இதனினும் தெளிவான பாடம் அரிது.

இத்தகைய பாடம் திடலின் வேலிக்குள் நின்றுவிடலாகாது. தனிப்பயிற்சிக்குப் பொருளில்லாத மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆசானிடம் பயிலலாம். மலைநாட்டுத் திடல்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதைப் பள்ளிகளுக்கு ஒதுக்குமாயின், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் மட்டை பிடிக்கக் கற்பர்.