கொல்லிமலைச் சுற்றுலாத் திட்டத்தைக் கிராம சபைகளின் ஒப்புதலோடு வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
செம்மேடு சுற்றுவட்டார விவசாயிகள், சிறுகடைக்காரர்கள், வாகன ஓட்டுநர்கள் சங்கம்,
கொல்லிமலை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: கொல்லிமலையில் சுற்றுலா மேம்பாட்டுப் பணிகள் – மலையின் நீர், சாலை, குப்பை நிலவரத்தைக் கணக்கெடுத்த பிறகு, 14 நாட்டு (ஊராட்சி) மக்களின் ஒப்புதலோடு திட்டம் வகுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

எங்கள் மலைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதைத் தடுக்கக் கோரி இந்த மனுவை நாங்கள் அளிக்கவில்லை. மிளகும் அன்னாசியும் பலாவும் விற்றுப் பிழைக்கிறவர்கள் அப்படிக் கேட்கவும் மாட்டோம். எங்கள் குறை வேறு. சுற்றுலாத் திட்டம் கீழே தயாராகிறது. 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வரும்போது அது திறப்பு விழாக் கல்வெட்டாகத்தான் வருகிறது. நடுவில் எங்களை யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்கு இடம் இல்லாமலும் இல்லை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று மலையின் பழைய பிரிவுகளான 14 நாடுகளும் இன்று 14 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. காட்டையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கிராம சபைக்கும் தந்திருக்கிறது. ஆகவே எந்தச் சுற்றுலாப் பணியானாலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், அதன் வரைபடமும் மதிப்பீடும் சம்பந்தப்பட்ட ஊராட்சியின் கிராம சபையில் தமிழில் படிக்கப்பட்டு, தீர்மானம் பெறப்பட வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை. மற்றவை இதிலிருந்து கிளைப்பவையே.

அடுத்தது தண்ணீர். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஓடும் ஐயாறுதான் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அங்கே குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் ஷாம்பு உறைகளும், நனைந்த துணிகளும், உடைந்த பாட்டில் சில்லுகளும் பாறை இடுக்குகளில் சேர்ந்து கிடக்கின்றன. வெறுங்காலோடு ஆற்றில் இறங்கும் எங்கள் பிள்ளைகளின் காலைத்தான் அவை பதம் பார்க்கின்றன. அதே தண்ணீர் புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் போகிறது. ஆகவே இதை நாமக்கல் மாவட்டத்தின் தலைவலியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், திருச்சி மாவட்ட நிர்வாகத்தையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டுகிறோம். கோடையில் அருவி நூலாக இளைத்துவிடும் மலை இது. தங்கும் விடுதிகள் போடும் ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். ஊர் ஊற்றுகளின் அருகே புதிதாகத் துளையிட அனுமதிக்கவே கூடாது. எத்தனை விடுதி, எத்தனை அறை, எவ்வளவு கழிவுநீர், அது எங்கே போகிறது என்ற கணக்கை எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு புதிய அனுமதிகளைப் பற்றிப் பேசலாம்.

காலி மது பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை 2022இல் நீலகிரியில் தொடங்கியது. இங்கே பாட்டில் வாங்குவது ஓரிடம், உடைப்பது வேறிடம். திரும்பப் பெறும் இடத்தை அருவிக்கு இறங்கும் வழியிலேயே வைத்தால்தான் பயன் இருக்கும். 2019 முதல் நடைமுறையில் உள்ள ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடையை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலேயே சோதித்துச் செயல்படுத்த வேண்டும். மேலே வந்த பிறகு சிறுகடைக்காரரிடம் மட்டும் அபராதம் வாங்குவது நியாயமில்லை.

ஆடி 17, 18 தேதிகளில் நடக்கும் வல்வில் ஓரி விழா எங்களுக்குப் பெருமை. அந்த இரண்டு நாளும் வளைவுகளில் வண்டிகள் சிக்கி நிற்கும் தொல்லையும் எங்களுக்குத்தான். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தால் என்ன செய்வது? விழா நாள்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தி, அரசுப் பேருந்தில் பயணிகளை ஏற்றி வர ஏற்பாடு செய்யுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. நீதிமன்றம் சொல்லும் நிலைவரை இங்கே விட்டுவைக்க வேண்டாம். வரும் வண்டிகளை இப்போதே எண்ணத் தொடங்குங்கள்.

கண்ணாடிப் பாலம், ஜிப்லைன் என்றெல்லாம் அவ்வப்போது காதில் விழுகிறது. வேண்டாம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அருவியிலிருந்து படியேறி மூச்சு வாங்கி மேலே வரும் பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை போதிய அளவில் இருக்கட்டும், பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளலாம்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுழைவுக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் என வசூலாகும் தொகையின் வரவு செலவைக் கிராம சபையில் வைத்து, அதில் ஒரு பங்கை அந்தந்த ஊராட்சிக்கே தர வேண்டும். வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க விரும்பும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குப் பதிவு எளிதாக வேண்டும். பாட்டன் கட்டிய மண்சுவர் ஓட்டு வீட்டுக்குக் கட்டட வரைபட அனுமதி கேட்டால் நாங்கள் எங்கே போவது? வெளியிலிருந்து வந்து நிலம் வாங்கி விடுதி கட்டுகிறவருக்கு எல்லாக் காகிதமும் கையில் இருக்கும். அந்த விடுதியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவும் வேலைதான்.

சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று சாமையிலேயே பல வகை விளைந்த மண் இது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வந்தபின் அந்தச் சாமைக் காடுகள் சுருங்கிவிட்டன. சுற்றுலாத் துறை நடத்தும் உணவகங்களிலும் விழா நாள் கடைகளிலும் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கட்டாயம் இடம்பெற வேண்டும். தானியத்தை மலை மகளிர் குழுக்களிடமே கொள்முதல் செய்ய வேண்டும். உழுகிறவருக்கு ஒரு விலை தெரிந்தால் விதைப்பார்.

இவற்றைப் பேச, சுற்றுலா, வனம், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்கள் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்தைச் செம்மேட்டில் நடத்தித் தருமாறும், தேதியை 15 நாள் முன்னதாக 14 ஊராட்சிகளுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை புதிய சுற்றுலாக் கட்டுமானம் எதற்கும் பணி ஆணை வழங்க வேண்டாம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: மாவட்ட வன அலுவலர், நாமக்கல், மாவட்ட சுற்றுலா அலுவலர், வட்டாட்சியர், கொல்லிமலை.