பழைய பிக்-அப்புக்குப் புது டிஸ்க் பிரேக்கா? முதல்ல பிரேக் ஆயிலைப் பாருங்க மாமா!

"பாப்பா, பின் வீலுக்கும் டிஸ்க் பிரேக் போட எவ்ளோ ஆகும்னு போன்ல பார்த்துச் சொல்லேன்."

காலை ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். குரலில் லேசான நடுக்கம். என்ன ஆச்சு என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

மாமாவுக்கு மீன் லோடுதான் தொழில். விடியற்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி, வில்லியனூர் பக்கம் இறக்குவார். அன்றைக்கு அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. நாலைந்து முறை பம்ப் பண்ணி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ நிறுத்திவிட்டார். முன்னால் போன சைக்கிள்காரருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி.

இதே வண்டியின் முன் சீட்டில்தான் எட்டு மணிக்கு மாமா பையன் ஸ்கூலுக்குப் போவான். அன்று அவனை ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்கு 13 வயது. "பழைய பிரேக், அதான் பிடிக்கல. புதுசா டிஸ்க் போட்டுட்டா சரியாயிடும்" என்பது மாமாவின் கணக்கு. நியாயமாகத்தான் பட்டது. மேட்டுப்பாளையத்தில் (கோவைப் பக்கம் இல்லை, நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையம்) ஒரு பட்டறைக்கு நானும் கூடவே போனேன்.

டிகாக்‌ஷன் கலரில் பிரேக் ஆயில்

மெக்கானிக் அண்ணன் வீலைக் கழற்றவே இல்லை. முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கவேண்டியது, டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தது.

"கடைசியா எப்போ மாத்துனீங்க?"

"குறையுறப்போ ஊத்திக்கிட்டுதாம்பா இருக்கேன்" என்றார் மாமா.

"குறையுதுன்னா எங்க போகுதுண்ணே? அதைப் பார்க்க வேணாமா?"

மாமாவிடம் பதில் இல்லை. பின் வீலைக் கழற்றி டிரம்மை இழுத்ததும் பதில் கிடைத்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் போய், ஆயில் கசிந்து, பிரேக் ஷூவின் லைனிங் முழுக்க ஊறிப்போயிருந்தது. தினமும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒழுகியதில் பிரேக் பைப்பும் துருப்பிடித்திருந்தது. போதாக்குறைக்கு நம்ம ஊர் கடல் காற்று வேறு.

அப்படியானால் அன்று வண்டி எப்படி நின்றது? மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் உண்டு. ஒன்று கைவிட்டாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். அந்த 'ஓரளவு'தான் அன்று அந்தச் சைக்கிள்காரரைக் காப்பாற்றியது.

முக்கால் லிட்டர் வெந்நீர்!

பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. சரக்கோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை முழுதாக நிறுத்தும்போது உண்டாகும் சூட்டில் சுமார் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

அந்தச் சூட்டில் ஒரு பங்கு பிரேக் ஆயிலுக்கும் போகிறது. வழக்கமான பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு. ஈரம் ஏறியபின் இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். ஆவியை அமுக்க முடியும், ஆயிலை அமுக்க முடியாது. அதனால் மிதிக்கிற பெடல் ஆவியை அமுக்கிவிட்டு உள்ளே போய்விடும், வீலுக்கு அழுத்தம் போகாது.

அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றச் சொல்கின்றன. சில நூறு ரூபாய் சமாச்சாரம். எஞ்சின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறோம்.

பின்னாடி டிஸ்க் ஏன் வேண்டாம்?

மாமா விடவில்லை. "அதெல்லாம் சரி, டிஸ்க் போட்டா இன்னும் நல்லா நிக்காதா?"

டிரம் பிரேக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பிரெஞ்சுக்காரர் லூயி ரெனோவைச் சொல்வார்கள். ஆண்டு 1902. அத்தனை பழசு என்பதால் அது மட்டம் என்று அர்த்தம் இல்லை.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் வீலுக்குத்தான். பிக்-அப் போகும்போது லோடு, வரும்போது காலி. காலி வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அங்கே பலமான பிரேக்கைப் போட்டால் பின் வீல் சுற்றாமல் பூட்டிக்கொண்டு, வால் பக்கம் வீசும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு அழுத்தம் போகவேண்டும் என்று கம்பெனி போட்ட கணக்கை நாம் கலைக்கிறோம் என்பதுதான் விஷயம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அண்ணன் சொன்னார். சில பிக்-அப்களில் பின் ஆக்ஸில் பக்கம் ஒரு வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து லோடைக் கணித்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். ஓவர் லோடு ஏற்றுவதற்காக நாம் பட்டையைக் கூடுதலாகப் போட்டால் வண்டி தாழாது. 'லோடு இல்லை' என்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் அதிகம், பிரேக் கம்மி!

என்னதான் செய்தோம்?

பின் இரண்டு வீலுக்கும் புது சிலிண்டர், புது ஷூ. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். ஆயிலில் ஊறிய லைனிங்கைத் தேய்த்தோ காயவைத்தோ திரும்பப் போடக் கூடாது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய லைனிங்கில் ராணே பெயர் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு நம்ம புதுச்சேரியிலேயே லைனிங் தொழிற்சாலை உண்டு என்று அப்போதுதான் மாமாவுக்குத் தெரிந்தது.

துருப்பிடித்த பைப், வெடித்த ரப்பர் ஹோஸ் இரண்டும் மாறின. டிரம்மை லேத்தில் கொடுத்து லேசாகத் தேய்த்தார்கள். எவ்வளவு வரை தேய்க்கலாம் என்ற அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான். உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார் அண்ணன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன்.

கடைசியாக ஏர் எடுக்கும் வேலை. பெடல் மிதிக்க ஆள் இல்லை என்று என்னை ஏற்றிவிட்டார்கள். "அமுக்கு பாப்பா... பிடி... விடு" என்று அரை மணி நேரம். மறுநாள் கால் வலி. ஆனால் பஞ்சாக இருந்த பெடல் கல்லாக மாறுவதைக் காலிலேயே உணர்ந்தேன்.

நீங்களும் பாருங்க

* மாதம் ஒருமுறை பிரேக் ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ஊற்றுவதோடு விடாமல் பட்டறைக்குப் போங்கள்.
* டப்பா மூடியில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்காதீர்கள். எஞ்சின் ஆயில் கூடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும்.
* கிளம்புமுன் பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.
* வழுக்கையான டயரில் எந்த பிரேக்கும் உதவாது.
* 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. உண்டு. அது அன்றைய நிலைமைக்கான சான்று மட்டுமே. மாமா வண்டியும் எஃப்.சி. முடித்த வண்டிதான்!

அன்று சாயங்காலம் காலி வண்டியோடு ஒரு ரவுண்டு, மறுநாள் லோடோடு ஒரு ரவுண்டு. மேம்பாலத்து இறக்கத்தில் மாமா வேண்டுமென்றே ஒருமுறை மிதித்துப் பார்த்தாராம்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் மாமா பையன்.