பத்து மணிக்கு மேல் பேசும் உரிமை யாருக்கு?



காஞ்சித் தேரடியில் பொதுக்கூட்டம் நடக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு உச்சத்தை எட்டுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் மக்கள் இமை கொட்டாமல் கேட்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேடையின் ஓரத்திலே வந்து நிற்கிறார் காவல்துறை அதிகாரி. வாய் திறப்பதில்லை அவர். கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். மணி பத்து! நாவிலே நின்ற சொல்லை நாவிலேயே நிறுத்திக்கொண்டு, நன்றி கூறி இறங்கிவிடுகிறார் பேச்சாளர். எந்தக் கட்சியின் மேடையானாலும் இதுதான் முறை. நாடக மேடைக்கும் இதே நிலைதான். கதாநாயகன் கண் மூடுகிறானோ இல்லையோ, ஒலிபெருக்கி கண் மூடிவிட வேண்டும்!

இதற்காக நாம் வருந்தவில்லை. நல்ல சட்டம் அது. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதியிலே பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45 டெசிபெல் என்று அளவும் குறித்திருக்கின்றன. வேண்டாத ஓசையினின்று விடுபட்டு வாழ்வது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2005-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமே கூறியிருக்கிறது. பகலெல்லாம் பாடுபட்டவன் இரவிலே கண்ணயர வேண்டும். அவன் உறக்கத்தைக் கெடுக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. இதிலே என்ன குற்றம் காண இருக்கிறது?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பேச்சாளனுக்குப் பத்து மணி உண்டு. நாடகக்காரனுக்கு உண்டு. திருவிழாவுக்கும் திருமண வீட்டுப் பாட்டுக்கும்கூட உண்டு. வானத்திலே பறக்கும் விமானத்துக்கு உண்டா?

இந்தக் கேள்வி நம் காஞ்சியின் வாசலிலே வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிக்கு வடகிழக்கே பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்பே, அந்த ஜூலையிலேயே, ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். வயலிலே வேலை முடித்து, மாலையிலே கூடி, ஆயிரம் நாட்களுக்கும் மேல் முழங்கினார்கள். கிராம சபைகளிலே எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலை ஏகனாபுரம் புறக்கணித்தது. ஆனாலும் அரசுக் கோப்பு நடந்துகொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலை வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் நிலப் பத்திரப்பதிவும் தொடங்கியது.

ஏர் பிடித்தவன் தன் நிலத்தைத் தர மறுத்தால், அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டு கருத்து இல்லை. அதை ஆயிரம் மேடைகளிலே பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். இன்று நான் பேச விரும்புவது, எந்த மேடையிலும் அதிகமாகப் பேசப்படாத மனிதனைப் பற்றி. அவன் நிலத்தை எவரும் கேட்கவில்லை. அவன் வீட்டை எவரும் அளக்கவில்லை. அவன் விமான நிலைய மதிலுக்கு வெளியே வாழப்போகிறவன்!

ஏறத்தாழ 5,700 ஏக்கர் என்று திட்டம் தீட்டினார்கள். அந்த ஏக்கருக்குள்ளே அகப்பட்டவனுக்குக் கணக்கு உண்டு. பட்டாவுக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை, கிணற்றுக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை. போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மதிலுக்கு மறுபுறம் இருப்பவனுக்கோ கணக்கே இல்லை. அளவைக் கல்லைக் கண்டு நிலம் நிற்கும், ஒலி நிற்குமா? கம்பி வேலி கண்டு மாடு நிற்கும்; இரைச்சல் நிற்குமா?

தோழர்களே, சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இறங்கும் விமானம் பொதுவாக மூன்று பாகைச் சரிவிலே இறங்குகிறது. அப்படியானால் ஓடுபாதையின் தலைப்பிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவிலே அது ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்தில்தான் வரும். இன்னொரு கணக்கும் பாருங்கள். பரந்தூர் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்றார்கள். விமானத்துக்கு இருநூறு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,300 தடவைக்கு மேல் விமானங்கள் ஏறவோ இறங்கவோ வேண்டும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆக, நிமிடத்துக்கு ஒன்று! அந்தப் பாதையின் கீழே அமையும் ஊர்கள் எவை? பள்ளிகள் எத்தனை? மருத்துவமனைகள் எத்தனை? நிலம் எடுக்க வந்தவன் கையில் வரைபடம் இருந்ததே, இந்த வரைபடத்தையும் அவன் தெருவிலே விரித்துக் காட்ட வேண்டாமா?

"இதெல்லாம் கற்பனை" என்பார்கள். கற்பனையா? மீனம்பாக்கத்தைச் சுற்றிப் பம்மல், பொழிச்சலூர், கௌல்பஜார், மணப்பாக்கம் என்று ஊர்கள் இருக்கின்றன. அனகாபுத்தூர் இருக்கிறது, அதுவும் நம்மைப் போல் நெசவாளர் ஊர். ஓர் இரவு அங்கே தங்கிப் பாருங்கள். நள்ளிரவிலே வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்போது, கற்பனை எது, காட்சி எது என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

"பழகிவிடும் ஐயா!" என்பார் இன்னொருவர். பழகுமா? ஜெர்மனியின் மியூனிக் நகரிலே 1992-ஆம் ஆண்டு பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்திலே புதியதைத் திறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்தார்கள். புதிய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளின் படிப்புத்திறனும் நினைவாற்றலும் தாழ்ந்தன. பழைய நிலையம் மூடப்பட்ட பகுதியிலோ, அதே திறன்கள் மேம்பட்டன! பழகிக்கொண்டது போலக் காது நடிக்கும், மூளை நடிக்காது. விமான இரைச்சல் இரவிலே சராசரியாக 40 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018-இல் அறிவுரை வழங்கியதும் இத்தகைய சான்றுகளைக் கண்டுதான்.

அதே 2018-இலே நம் நாட்டில் என்ன செய்தார்கள்? விமான நிலையத்தைச் சுற்றிய ஒலி மண்டலத்துக்கென்று தனி அளவு வகுத்தார்கள். நெரிசல் மிக்க நிலையங்களுக்கு இரவிலே 65 டெசிபெல்! ஊரிலே 45, ஓடுபாதையின் அருகிலே 65. இருபதுதானே வேறுபாடு என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபெல் கணக்கு தராசுக் கணக்கன்று. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு! மேடைப் பேச்சாளனுக்கு ஒரு நீதி, அதற்கு நூறு மடங்கு ஓசைக்கு வேறொரு நீதி. மனுவின் நூல் மண்ணுக்குப் போய்விட்டது என்று எண்ணியிருந்தோம். அது வானத்துக்குப் போயிருக்கிறது!

இன்னும் ஒரு வாதம் உண்டு. காஞ்சிக்காரனைக் குறிவைத்து எய்யப்படும் வாதம். "தறி ஓசையிலே பிறந்து தறி ஓசையிலே வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு விமான ஓசை ஒரு பொருட்டா?" என்பது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே நடந்து பாருங்கள். குழித்தறியிலே கால் மிதிக்கிறது, கை நாடாவை எறிகிறது, பலகை அடிக்கிறது. ஓசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓசை அவன் உழைப்பின் ஓசை. அவன் தொடங்கினால் தொடங்கும். அவன் கை ஓய்ந்தால் ஓயும். இழை அறுந்தால் அந்த ஓசையே அவனுக்குச் சொல்லிவிடும். கோர்வைச் சேலை நெய்யும்போது இருவர் ஒருவரையொருவர் கேட்டுத்தான் கைவேலையைச் சேர்க்கிறார்கள். விடியலில் எழுந்து தெருவிலே பாவு நீட்ட வேண்டியவன் அவன். இரவு உறக்கம் அவனுக்கு மூலதனம். அவன் நெய்த பட்டு விமானமேறி அயல்நாடு போகும். நெய்தவனோ வானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பறக்கும் இன்பம் ஒருவனுக்கு, பதறும் இரவு இன்னொருவனுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

"புதிய விமானங்கள் அமைதியானவை" என்கிறார்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன், அறுபது ஆண்டுக்கு முந்திய விமானத்தைவிட இன்றைய விமானம் ஓசை குறைந்தது. ஆனால் அன்று எப்போதோ ஒன்று வந்தது. நாளை நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு கொசு கடித்தால் தட்டிவிட்டுத் தூங்கலாம். விடிய விடியக் கடித்தால்?

"அப்படியானால் நீங்கள் முன்னேற்றத்தின் எதிரிகள்!" என்ற பட்டம் உடனே கிடைக்கும். பட்டத்தை வாங்கிக்கொண்டு, பதிலையும் கொடுங்கள். ஆஸ்திரேலியா பின்தங்கிய நாடா? சிட்னி விமான நிலையத்துக்கு இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை ஊரடங்கு. 1995-இலே சட்டமே இயற்றினார்கள். ஜெர்மனி பின்தங்கிய நாடா? பிராங்பர்ட்டிலே புதிய ஓடுபாதை வந்ததும் மக்கள் திங்கட்கிழமை தோறும் விமான நிலையத்துக்குள்ளேயே கூடி முழங்கினார்கள். இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானப் போக்குவரத்துக்கு இருந்த தடையை 2012-இலே கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் உறுதி செய்தது. ஜப்பான் பின்தங்கிய நாடா? நரிட்டாவிலே 1966 முதல் உழவர்கள் போராடினார்கள். 1978-இலே விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் நள்ளிரவு விமானங்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 2019-இலே அந்த ஓய்வு நேரத்தை ஓரளவு குறைத்தபோதுகூட, அறவே நீக்கிவிடத் துணியவில்லை அரசு.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நம் ஊர்களிலிருந்து விமானங்கள் நள்ளிரவிலே கிளம்புவதற்கு ஒரு காரணம், ஐரோப்பிய நகரங்கள் கண் விழித்த பிறகு அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. அங்கே இருப்பவன் அயர்ந்து உறங்க, இங்கே இருப்பவன் அலறி விழிக்க வேண்டும்! ஐரோப்பியன் காது காது. நம் காது வெறும் ஓட்டையா?

ஆகவே கேட்போம். ஓடுபாதைக்கு ஒரு கல் நடப்படும் முன்பு, ஒலி எங்கெங்கே எவ்வளவு விழும் என்ற வரைபடத்தைத் தமிழிலே அச்சிட்டு, ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும், காஞ்சி மாநகராட்சிச் சுவரிலும் ஒட்டட்டும். மதிலுக்கு வெளியே ஒலியால் பாதிக்கப்படுவோரையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலே சேர்க்கட்டும். பரந்தூரானாலும் மீனம்பாக்கமானாலும் இரவு ஊரடங்கைச் சட்டமாக்கட்டும். கிராம சபை "வேண்டாம்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குச் சொல்லுக்குரிய மதிப்பு கிடைக்கட்டும். கோட்டையிலே எந்தக் கட்சி அமர்ந்திருந்தாலும் இந்தக் கேள்விகள் மாறா. நாம் அமர்ந்தாலும் மாறக்கூடாது.

தோழர்களே, சுவரொட்டி ஒட்டுவதோடு இந்த வேலை முடிந்துவிடாது. பரந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்லுங்கள். நிலம் போகாத வீடுகளின் கதவைத் தட்டுங்கள். தனக்கொன்றும் இல்லையென்று இருப்பவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஏகனாபுரம் தனித்து நிற்பதற்குக் காரணம், பக்கத்து ஊர்க்காரன் தன்னை வெளியாள் என்று எண்ணியிருப்பதுதான். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 — கிராம சபை கூடும் நாட்களிலே இவையும் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் நம் தோழர் ஒருவர் எழுந்து ஒலி வரைபடம் எங்கே என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்திலே எழுதப்படும் வரையில் அவர் உட்கார வேண்டாம்.