படகு வேண்டாம், பொனேர் போதும்!

வெஸ்ட் இண்டீஸ் தீவுகள் உள்ள கரிபியன் கடலில், கரையிலிருந்தே இறங்கி முக்குளிக்க எந்தத் தீவு நல்லது?

பொனேர்தான்! டச்சுக்காரர் ஆட்சியில் உள்ள குட்டித் தீவு. சாலை ஓரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கல் இருக்கும். அங்கே காரை நிறுத்தி, காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கலாம். சிறிது தூரத்திலேயே பவளப் பாறை!

கொசுமெல் தீவில் நீரோட்டம் வேகம். பெரும்பாலும் படகில்தான் போகவேண்டும். குரசாவோவில் சில கடற்கரைகளில் நுழையவே காசு.

பொனேரிலும் கட்டணம் உண்டு. 2023-ல் அது 40 டாலர். சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் பவளத்தைக் காக்கிறது. 1971-லேயே ஈட்டியால் மீன் குத்தத் தடை போட்ட தீவு அது. கையுறைகூடப் போடக்கூடாது. போட்டால் பவளத்தைத் தொடத் துணிவு வந்துவிடுமே!

2023-ல் பவளத்தை அழிக்கும் நோயும் அங்கு வந்துவிட்டது. ஆகையால் உடுப்பைக் கிருமி போகக் கழுவிவிட்டே அடுத்த இடத்தில் இறங்கவேண்டும்.