தியேட்டர்னா மட்டும் இளக்காரமா?

"கூட்டம் வரல, இடிச்சிட்டாங்க. இதுக்கு எதுக்குய்யா ஒப்பாரி?" பழைய தியேட்டர் எது இடிபட்டாலும் இப்படிக் கேக்க ஒருத்தர் வந்துடுவார். இதே ஆள் கோயில் மண்டபத்தையோ வெள்ளைக்காரன் கட்டின கோர்ட்டையோ இடிச்சா இப்படிக் கேப்பாரா? மாட்டார். அதெல்லாம் பாரம்பரியமாம். தியேட்டர் வெறும் கொட்டகையாம்!

மதுரை தங்கம் தியேட்டரை எடுத்துக்கங்க. 1952 தீபாவளிக்கு பராசக்தியோட திறந்தாங்க. 2500 பேருக்கு மேல ஒரே கூரைக்குக் கீழ உட்காரலாம். சிவாஜிங்கற நடிகரையும் கலைஞர் வசனத்தையும் மதுரை ஜனங்க மொத்தமா உள்வாங்கின இடம் அது. இப்ப அங்க ஜவுளிக்கடை.

சென்னை மவுண்ட் ரோடு சஃபையர்? 1964லயே ஒரே வளாகத்துல சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டுன்னு மூணு தியேட்டர். இன்னிக்கு மல்டிபிளெக்ஸுன்னு பீத்திக்கிறோமே, அதுக்கு முன்னோடி நம்மூர்லயே இருந்துச்சு. 1994ல மூடினாங்க, அப்புறம் இடிச்சும் ஆச்சு. 1961ல திறந்த சாந்தியும் 2016ல மூடியாச்சு.

தப்பிச்சது எது தெரியுமா? அதே ரோட்டுல 1913ல வார்விக் மேஜர் கட்டின எலெக்ட்ரிக் தியேட்டர். எப்படித் தப்பிச்சுது? 1915ல தபால் துறை வாங்கிடுச்சு! தபால்தலை சேகரிக்கறவங்க வந்துபோற இடமா இன்னமும் நிக்குது. அதாவது, படம் காட்டறத நிறுத்தினதால பிழைச்ச தியேட்டர். இதைவிடக் கேவலம் வேணுமா?

"நஷ்டத்துல ஓட்டச் சொல்றியா?"ன்னு அடுத்த கேள்வி வரும். இல்ல சாமி. ஓனர் மேல எனக்குக் கோபமே இல்ல. தியேட்டர் வருமானத்தைவிட அடியில இருக்கற மண்ணு விலை பல மடங்கு ஏறிட்டா அவர்தான் என்ன செய்வார்? கோபமெல்லாம் அரசாங்கத்து மேலதான். மும்பையில பாரம்பரியக் கட்டிடங்களுக்கு 1995லயே விதிமுறை வந்தாச்சு. 1933ல வந்த ரீகல், 1938ல வந்த ஈராஸ் ரெண்டும் இருக்கற ஆர்ட் டெகோ பகுதி 2018ல யுனெஸ்கோ பட்டியலுக்கே போயிடுச்சு. ஈராஸ் உள்ள நிறைய மாத்திட்டாங்க, வாஸ்தவம். 1200 சீட்டு அரங்கம் இப்ப இல்ல. ஆனா வெளித்தோற்றம் அப்படியே இருக்கு, கடைகளுக்கு நடுவுல 2024லேர்ந்து மறுபடி படமும் ஓடுது. ஓனருக்கும் வருமானம், ஊருக்கும் அடையாளம்.

நம்ம கதை? பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012ல நிறைவேத்திட்டு, 2024லதான் நடைமுறைக்கே கொண்டுவந்தாங்க. அதுக்குள்ள எத்தனை தியேட்டர் மண்ணாப் போச்சுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

அண்ணா, கலைஞர், எம்ஜிஆர், ஜானகி, ஜெயலலிதான்னு வரிசையா சினிமாவுலேர்ந்து முதல்வர்களை அனுப்பின மாநிலம்ங்க இது. அவங்களை ஜனங்க முதல்ல பாத்ததும் கேட்டதும் கைதட்டினதும் இந்தக் கூரைகளுக்குக் கீழதான். தரை டிக்கெட்டும் பால்கனியும் தனித்தனிதான், சமத்துவம்னெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே வசனத்துக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து விசில் பறந்துச்சு. தலைவர்களுக்கு மணிமண்டபம் கட்டறோம், சிலை வைக்கறோம். அவங்களைத் தலைவர்களாக்கின இடத்துக்கு ஒரு பாதுகாப்பு உத்தரவு போட முடியாதா?

மிச்சமிருக்கற பழைய தியேட்டர்களை ஊர் ஊராக் கணக்கெடுங்க. முகப்பு, படிக்கட்டு, முன்கூடம் இதையாவது பாரம்பரியம்னு அறிவிங்க. இடிக்காம வெச்சிருக்கற ஓனருக்கு வரியக் குறைங்க. இதுக்குக் கோடி கோடியாக் கொட்ட வேண்டாம், கொஞ்சம் வெக்கம் இருந்தாப் போதும்.