உழைப்பு வேறு, உடல் வலு வேறு

“மலை ஏறி இறங்குகிற உடம்புக்கு நெஞ்சு வருத்தம் வராது.” தோட்டங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் பிரஷர் மாத்திரை எடுப்பவரோ, மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவரோ இல்லாத லயத்தைக் காண்பது அரிது. நாளெல்லாம் உழைக்கும் நமக்கு இவை ஏன் வருகின்றன? இதற்குப் பதில் தெரிந்தால்தான் நிர்வாகத்திடம் எதைக் கேட்பது என்பதும் தெரியும்.

2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உட்பட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையான சுமார் 1 இலட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடி வலுவை ஒரு சிறிய கருவியால் அளந்து, நான்கு ஆண்டுகளளவு கவனித்தார்கள். பிடியின் வலு 5 கிலோ குறைவாக இருந்தால், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் பாரிசவாத அபாயம் 9 சதவீதமும் கூடுதலாக இருந்தது. கையை மட்டும் பலப்படுத்தினால் இருதயம் தப்பிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. கைப்பிடி முழு உடம்பின் தசை வலுவுக்கும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். வலு குறைவது உள்ளே இருக்கும் நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

தசைக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. தசை மெலிந்தால் சீனி இரத்தத்திலேயே தங்கி, நாடிகளின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. தசை வேலை செய்யும்போது இரத்த ஓட்டம் கூடி நாடிகள் விரிந்து கொடுக்கின்றன. கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளி இருதயத்துக்கு உதவுகிறது.

அப்படியானால் கொழுந்துக் கூடை சுமப்பது போதாதா? போதாது. 2021இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்தபோது, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இருதய நோய் குறைவாகவும், வேலைத்தளத்தில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அதிகமாகவும் காணப்பட்டது. இதன் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் விளக்கம் நமக்குப் புதிதல்ல. பயிற்சி செய்பவர் களைத்தால் நிறுத்துவார். தொழிலாளி கிலோக் கணக்கு முடியும்வரை நிறுத்த முடியாது. மணிக்கணக்கில் சுமையோடு நிற்கும்போது இருதயத் துடிப்பும் பிரஷரும் இறங்க நேரமே கிடைப்பதில்லை.

தசை வளர்வது வேலை நேரத்தில் அல்ல, ஓய்விலும் சாப்பாட்டிலும். ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், தசையைக் கட்டாது. அதற்குப் பருப்பு, கடலை, கௌபி, முட்டை, மீன் வேண்டும். கருவாடு மலிவு என்றாலும் அதன் உப்பு பிரஷரை ஏற்றும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றையெல்லாம் வாங்கிச் சமைக்கச் சம்பளம் வேண்டும். ஆகவே நியாயமான சம்பளமும் அளவான வேலை இலக்கும் இருதயத்தைப் பற்றிய கோரிக்கைகளும்தான்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் நிர்வாகத்திடம் எழுத்தில் முன்வைக்க வேண்டியவை நான்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரட்டுக்களத்தில் அல்லது தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும். முடிந்தால் கைப்பிடி வலுவையும் அளக்க வேண்டும். கிளினிக் போகும் நாளில் அரைப்பேர் போடக்கூடாது. சுமையை இறக்கி உட்கார்ந்து இளைப்பாற மலையிலேயே நிழலும் குடிதண்ணீரும் நேரமும் வேண்டும். வேலையிலிருந்து நின்றவர்களையும் இந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கை முக்கியமானது. சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால், நாற்பது வருடம் உழைத்த கால்களும் வேகமாக வலுவிழக்கும். தினமும் நடக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். தசைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சி கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரஷர் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிச் சுமை தூக்காதீர்கள், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நெஞ்சு இறுகினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, பிரதியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.